முதல் வாரம் கடைசி இடம்

பூவிழி சேந்தன்பட்டினத்துக்குத் துப்புரவு ஆய்வாளராக வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே, கடற்கரை நடைபாதைக் கடைகளை எல்லாம் அப்புறப்படுத்தும் வேலை அவள் தலையில் விழுந்தது.

சின்னப் பேரூராட்சி அது. பட்டுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்தால் தென்னந்தோப்புகள் முடியும் இடத்தில் கடல் தெரியும். பெரிய அலை அடிக்காத கடல் என்பதால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிவிட யாரும் பயப்படுவதில்லை. லீவு நாள்களில் தஞ்சாவூர், திருவையாறு பக்கமிருந்தெல்லாம் வேன் பிடித்து வருவார்கள். அவர்கள் நடப்பதற்கென்று கடற்கரைச் சாலையோரமாகச் சிவப்புக் கல் பதித்து அகலமாக ஒரு நடைபாதை போட்டிருந்தார்கள். கல்லின் சிமெண்ட் காய்வதற்குள் அதன்மேல் தள்ளுவண்டிகள் ஏறிவிட்டன. பஜ்ஜிக் கடை, சர்பத் கடை, சோளம் சுடுகிறவர், பலூன் விற்கிறவர், வெள்ளரிக்காய்க் கூடை என்று வரிசையாக நின்றன. நடக்க வந்தவர்கள் சாலையில் இறங்கி நடந்தார்கள். இதை ஒரு குறையாக யாரும் சொன்னதில்லை.

காணும் பொங்கல் அன்று அது குறையாகிவிட்டது. வயதான தாயைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண், நடைபாதையில் இடமில்லாமல் சாலையில் இறங்கினாள். பின்னால் எடுத்த வேன் நாற்காலியை இடித்துவிட்டது. அந்த அம்மாளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. மறுநாள் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. மேலிடத்திலிருந்து போன் வந்தது. செயல் அலுவலர் நாகேஸ்வரன் பூவிழியைக் கூப்பிட்டு, டிராக்டரையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய் ஒரே காலையில் முடித்துவிடும்படி சொன்னார். கோபக்காரர் இல்லை அவர். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருக்கும்போது வம்பு எதுவும் வேண்டாம் என்று நினைக்கிறவர்.

கடலுக்கு இறங்கும் படிக்கு நேரெதிரே, புங்கமரத்தடியில் இருந்தது அம்சத்தின் பஜ்ஜிக் கடை. அந்தக் கடற்கரையிலேயே நல்ல இடம் அதுதான். குளித்துவிட்டுப் பசியோடு ஏறி வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்த எண்ணெய்ச் சட்டிதான். அம்சத்துக்கு ஐம்பது வயது இருக்கும். முன்பு தோப்புகளில் தேங்காய் உரிக்கப் போய்க்கொண்டிருந்தவர். கஜா புயலில் தென்னைகள் படுத்தபோது வேலையும் படுத்துவிட்டது. அப்போது ஒரு பழைய வண்டியை வாங்கிக்கொண்டு வந்து, காலியாகக் கிடந்த கடற்கரையில் முதல் ஆளாக அடுப்பு மூட்டியவர் அவர்தான். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

பூவிழி டிராக்டரை அந்த மரத்தடியில்தான் முதலில் நிறுத்தினாள். கூச்சல் வரும், மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று எதிர்பார்த்து மனத்தைக் கெட்டியாக்கி வைத்திருந்தாள். துப்புரவுப் பணியாளர்கள் இரண்டு பேர் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார்கள். அம்சம் கத்தவில்லை. அடுப்பை அணைத்தார்.

“கொஞ்சம் பொறுங்க தம்பி, எண்ணெ கொதிச்சுக்கிட்டு இருக்கு. அப்படியே தூக்குனா உங்க கால்ல கொட்டிரும்,” என்றார்.

பணியாளர்கள் கையை எடுத்துவிட்டார்கள். எண்ணெய் ஆறும்வரை எல்லோரும் சும்மா நிற்க வேண்டியதாயிற்று. அம்சம் பூவிழிக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பூவிழி உட்காரவில்லை. சுற்றிலும் மற்ற வியாபாரிகள் கூடிவிட்டார்கள். பிறகு அம்சம் கேட்டார்.

“வண்டிய எடுத்துக்கிட்டுப் போங்க மேடம். அந்த அம்மாவுக்கு அடிபட்டதுல எங்க தப்பும் இருக்கு. எங்க நிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டீங்க. எங்க நிக்கலாம்னும் சொல்லிட்டுப் போங்க.”

அந்தக் கேள்விக்குப் பிறகு வண்டியை ஏற்றிக்கொண்டு போகப் பூவிழியால் முடியவில்லை. அன்று மாலைக்குள் எல்லோரும் நடைபாதையை விட்டு இறங்கி மணல் பக்கமாக நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, காலி டிராக்டரோடு அலுவலகம் திரும்பினாள்.

நாகேஸ்வரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பூவிழி தயங்கவில்லை. சாலையோர வியாபாரிகளுக்கென்று சட்டம் இருக்கிறது, முதலில் கணக்கெடுக்க வேண்டும், அடையாள அட்டை கொடுக்க வேண்டும், வேறு இடம் காட்ட வேண்டும், அதற்கப்புறம்தான் அப்புறப்படுத்த முடியும், இதையெல்லாம் செய்யாமல் கை வைத்தால் நாளைக்குக் கோர்ட்டில் நாம்தான் நிற்க வேண்டும் என்றாள். கோர்ட் என்ற சொல்லுக்கு அவரிடம் பலன் இருந்தது. மாசி மகத்துக்கு அந்தக் கடலில் தீர்த்தவாரி நடக்கும், ஊர் கொள்ளாத கூட்டம் வரும். அதற்குள் நடைபாதை சுத்தமாக இருக்க வேண்டும், எப்படிச் செய்வாயோ செய் என்று விட்டுவிட்டார்.

இடம் கிடைத்தது. சாலைக்கு மறுபுறம், பழைய உப்புக் கிடங்கை ஒட்டிப் பேரூராட்சிக்குச் சொந்தமான நீளமான ஒரு துண்டு நிலம். கடலுக்கு இறங்கும் படிக்கு எதிரே ஆரம்பித்துப் பனைமரங்கள் வரை போனது. பூவிழி முள்ளை வெட்டவைத்து, மண் அடித்து, தண்ணீர்க் குழாயும் குப்பைத் தொட்டிகளும் வைக்க ஏற்பாடு செய்தாள். வியாபாரிகளைக் கணக்கெடுத்து அட்டைக்கும் எழுதினாள். எல்லோருக்கும் இடம் இருந்தது. ஆனால் எல்லா இடமும் ஒரே இடம் இல்லை. படிக்கு எதிரே நிற்கிறவருக்கு நிற்க நேரமிருக்காது. பனைமரத்தடியில் நிற்கிறவர் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்யச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டாள். நாகேஸ்வரனும் வந்து ஓரமாக உட்கார்ந்தார். ஆரம்பித்த உடனேயே கூட்டம் கைமீறிப் போனது. முதலில் வந்தவர்களுக்கு முன்னிடம் என்றார்கள் பழையவர்கள். அப்படியானால் நாங்கள் ஆயுசுக்கும் கடைசியிலேயே கிடக்கணுமா என்றார்கள் புதியவர்கள். பூவிழி குலுக்கல் போடலாம் என்றாள். அதற்குச் சர்பத் கடை அப்துல் வஹாப் எழுந்து நின்றார். பெரியவர், குரலை உயர்த்தாதவர். குலுக்கலில் கடைசி இடம் விழுந்தால் இந்த முழங்காலோடு அங்கே போய் உட்கார்ந்து தான் யாருக்கு விற்பது, நாலு நாள் பார்த்துவிட்டுத் திரும்ப நடைபாதைக்குத்தான் வந்தாக வேண்டும், தன்னைப் பிடித்தால் பிடியுங்கள் என்றார். அவர் மிரட்டவில்லை. நடக்கப்போவதைச் சொன்னார். பூவிழிக்கு அது புரிந்ததால் இன்னும் சங்கடமாக இருந்தது.

முன்னிடம் அம்சத்துக்குத்தான் என்பதில் யாருக்குமே மறுப்பு இல்லை. புதியவர்கள்கூட, அம்சம் அக்காவை விட்டுவிட்டு மற்ற இடங்களைப் பேசுவோம் என்றுதான் சொன்னார்கள். அவர் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“எனக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? மொற வச்சுக்குவோம். வாரத்துக்கு ஒருக்கா எல்லாரும் ஒரு எடம் முன்னால நகரணும். மொத எடத்துல நின்னவங்க அடுத்த வாரம் கடைசிக்குப் போகணும். தண்ணிக்கு மொற வக்கிறதில்லையா, அது மாதிரி.”

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வண்டிகளை வாரா வாரம் நகர்த்துவது நடக்கிற காரியமா என்றார் ஒருவர். சக்கரம் எதற்கு இருக்கிறது என்று வேறொருவர் சிரித்தார். மலர்க்கொடிதான் எரிச்சலோடு எழுந்தாள். அம்சத்தின் கூடப்பிறந்த தங்கை அவள். படிக்கருகே வெள்ளரிக்காயும் மாங்காயும் கீறி விற்கிறவள். தானாக வந்த இடத்தை எந்த மடையனாவது விட்டுக்கொடுப்பானா என்று அக்காவைக் கேட்டாள்.

அம்சம் தங்கையைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

“நம்ம அப்பாவுக்குக் கல்லணைக் கால்வாய்ல கடைமட நெலம். மேல உள்ளவங்க ஒவ்வொரு மடையா அடச்சுப் பாய்ச்சுன வருசமெல்லாம் நாம என்ன சாப்புட்டோம்னு உனக்கு மறந்துபோச்சா? எனக்கு மறக்கல. நான் மேல நின்னுக்கிட்டு அடைக்க மாட்டேன்.”

மலர்க்கொடி உட்கார்ந்துவிட்டாள். பூவிழியின் ஊர் பூதலூர் பக்கம். கல்லணைக்கு அருகாமை. அப்பா கூலிக்காரராக இருந்து பிறகு குத்தகைக்கு நிலம் எடுத்தவர். அவருக்கு ஆயிரம் கவலை உண்டு, தண்ணீர்க் கவலை மட்டும் கிடையாது. கால்வாயில் தண்ணீர் விட்ட அன்றே அவர்கள் வாய்க்காலில் பாயும். அந்தத் தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்று வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. அது வந்து சேரும் கோடி இங்கேதான் இருக்கிறது, இந்த அம்மாள் அந்தக் கோடியில் வளர்ந்தவர் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

முறைக்கு எல்லோரும் சம்மதித்தார்கள். அதைக் காப்பாற்ற ஒரு கட்டுப்பாடும் பேசிக்கொண்டார்கள். யாராவது நடைபாதையில் ஏறி விற்றால், அவர் முறை எதுவாக இருந்தாலும் அடுத்த வாரம் கடைசி இடம். முதல் வாரம் யார் எங்கே என்ற கேள்வி மிஞ்சியது. அந்த முதல் வாரத்தில்தான் மாசி மகம் வந்தது. வருஷத்தின் பெரிய வியாபாரம் அது. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மொத வாரம் கடைசி எடம் எனக்கு,” என்றார் அம்சம்.

வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது. சொல்லியிருந்தாலும் அத்தனை பேரும் அடங்கியிருக்க மாட்டார்கள். அதன்பிறகு மற்ற இடங்கள் சண்டையில்லாமல் முடிவாயின. முதல் இடம் அப்துல் வஹாபுக்கு விழுந்தது. கூட்டம் கலையும்போது அவர் பூவிழியிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். தியாகராசன் ஓட்டலின் தகரக் கூரையும் நாற்காலிகளும் நடைபாதையில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கின்றன, கட்டுப்பாடு அவருக்கும் உண்டா என்றார். உண்டு என்றாள் பூவிழி. சொன்ன பிறகுதான் தான் சொன்னது எவ்வளவு பெரிய சொல் என்று அவளுக்குத் தெரிந்தது.

தியாகராசன் ஊரில் செல்வாக்கானவர். பூவிழி போனபோது மரியாதையாக உட்காரவைத்து, காபி வரவழைத்து, கடற்கரைக்கு ஆட்கள் வருவதே தன் ஓட்டலால்தான் என்று விளக்கினார். அவள் காபியைக் குடித்தாள். அளந்த எல்லையைக் காட்டி, அதற்கு வெளியே இருப்பதை அந்த வாரத்துக்குள் எடுத்துவிடும்படி சொல்லிவிட்டு வந்தாள். வியாபாரிகளிடம் பேசிய அதே குரலில் பேசியிருக்கிறோமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். நாகேஸ்வரனுக்குப் போன்கள் வரத் தொடங்கின. அவர் தன்னைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்வார் என்று பூவிழி காத்திருந்தாள். அவர் கூப்பிடவில்லை. ஒரு போனுக்கு அவர் சொன்ன பதில் மட்டும் பக்கத்து அறையில் அவள் காதில் விழுந்தது. “அந்த பஜ்ஜிக்கார அம்மாவே எடத்த விட்டுட்டாங்க சார். இவரையும் விடச் சொல்லி நான் கேக்கலேன்னா எனக்கு வெக்கமா இருக்காதா?”

தகரக் கூரை கழன்றது. தியாகராசன் ஒரு மாதம் அவர்கள் இருவருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

மாசி மகத்தன்று விடிந்ததிலிருந்தே கூட்டம். சுற்றூர்களிலிருந்து சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்தன. கைக்குழந்தைக்காரிகளும் தடி ஊன்றியவர்களும் நடைபாதையில் சிரமமில்லாமல் நடந்து போவதைப் பூவிழி படியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாலைக்கு மறுபுறம் அப்துல் வஹாப் நிமிர நேரமில்லாமல் சர்பத் கலக்கிக்கொண்டிருந்தார். தூரத்தில், பனைமரத்தடியில், அம்சத்தின் அடுப்புப் புகை தெரிந்தது. வண்டியைச் சுற்றி ஆள் தெரியவில்லை. அவர் தாங்கமாட்டாமல் கொஞ்சம் முன்னால் நகர்ந்து வந்துவிட்டால் என்ன செய்வது என்று பூவிழிக்கு உள்ளூர ஒரு பயம். அவரைத் தடுக்கத் தனக்கு வாய் வராது என்று தோன்றியது.

வந்தது அம்சம் இல்லை, மலர்க்கொடி. உச்சி வெயிலில் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து நடைபாதையில், படியின் தலைமாட்டிலேயே கடை விரித்தாள். உடனே கூட்டம் சூழ்ந்தது. நடந்தவர்கள் வழியில்லாமல் சாலையில் இறங்கினார்கள். வரிசையில் நின்ற வியாபாரிகள் எல்லோரும் பூவிழியையே பார்த்தார்கள். அவள் போய் எழுந்திருக்கச் சொன்னாள்.

“எங்க அக்கா இல்லேன்னா உங்க மொறையே நடந்திருக்காது,” என்றாள் மலர்க்கொடி, காயைக் கீறிக்கொண்டே. “வெள்ளரிப் பிஞ்சு வாடுது. அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போறேன்.”

அவள் சொன்னதில் பாதி உண்மை. அம்சம் தன் இடத்தைக் கொடுத்தவர். அவர் தங்கையின் கூடையில் எப்படிக் கை வைப்பது? கை வைக்காமல் விட்டால், நாளைக்குத் தியாகராசனிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? அவள் தயங்கி நின்ற நேரம் அதிகமில்லை. அதற்குள் வரிசையில் ஒருவர் தன் வண்டிச் சக்கரங்களுக்கு அடியில் கொடுத்திருந்த கட்டைகளை உருவத் தொடங்கிவிட்டார், தானும் நகர்வதற்கு.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அம்சம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் மாவு காய்ந்திருந்தது. தங்கைக்காகப் பேசப்போகிறார் என்று நினைத்தாள் பூவிழி.

“மேடம், கூட்டத்துல பேசுனது பேசுனதுதான். அடுத்த வாரம் இவளுக்குக் கடைசி எடம். எந்தங்கச்சின்னு பாக்காதீங்க.”

மலர்க்கொடியின் முகம் சிவந்துவிட்டது. அம்சம் குனிந்து, விரித்திருந்த காய்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டு, அதைத் தன் தலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்த வழியே நடந்தார். கட்டையை உருவியவர் அதைத் திரும்பச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, மலர்க்கொடியும் அழுதுகொண்டே அக்கா பின்னால் போனாள்.

சாயங்காலம் கூட்டம் வடிந்த பிறகு பூவிழி பனைமரத்தடிக்குப் போனாள். பாத்திரத்தில் பாதி மாவு அப்படியே இருந்தது. அம்சம் அவளுக்கு ஒரு மிளகாய் பஜ்ஜி போட்டுக் கொடுத்தார். மலர்க்கொடி அக்காவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வருத்தமாக இல்லையா என்று பூவிழி கேட்டாள்.

“இல்லாம இருக்குமா?” என்றார் அம்சம். “படிக்கிட்ட நின்னிருந்தா மதியமே மாவு தீந்திருக்கும். வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. அதுக்காகப் பேச்ச மாத்த முடியுமா?”

பூவிழி அந்த பஜ்ஜியைச் சாப்பிட்டு முடித்தாள். விட்டுக்கொடுத்துவிட்டு அதில் சுகம் காண்பவர்களைப் பற்றி அவள் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறாள். வயிற்றெரிச்சலோடு விட்டுக்கொடுப்பவரை இப்போதுதான் பார்த்தாள். அதுதான் பெரிது என்று பட்டது.

மலர்க்கொடி அக்காவிடம் பேசப் பங்குனி முடிய வேண்டியிருந்தது. முறை மட்டும் நிற்கவில்லை. அம்சத்துக்குப் படிக்கு எதிர் இடம் வந்த வாரம் பள்ளிக்கூடப் பரீட்சை நேரம், கடற்கரையில் காக்காய்தான் இருந்தது. இருந்த ஆளுக்கு பஜ்ஜி போட்டார், அடுத்த வாரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைசிக்குப் போனார். நாளடைவில் பூவிழி ரோந்து போவதுகூடக் குறைந்தது. புதிதாக யாராவது நடைபாதையில் கூடையை இறக்கினால், அவள் போவதற்குள் வரிசையிலிருந்தே ஒருவர் போய்ப் பேசி, இடம் காட்டி அழைத்து வந்துவிடுவார்.

மறு வருஷம் அவளைத் திருவிடைமருதூர் பக்கம் ஒரு பேரூராட்சிக்கு மாற்றினார்கள். கடல் இல்லை, கோயில் இருந்தது. கோபுர வாசலில் பூக்கடையும் தேங்காய்க்கடையும் தேர் போகும் தெருவை அடைத்துக்கொண்டிருந்தன. ஒரே காலையில் எடுத்துவிடு என்று அங்கேயும் சொன்னார்கள். பூவிழி கணக்கெடுத்து, இடம் பார்த்து, கூட்டம் போட்டாள். முறை என்ற பேச்சை எடுத்ததும் கோபுர வாசலில் பல வருஷமாகப் பூ விற்கிற பெண்மணி, நாற்காலியில் உட்கார்ந்து சட்டம் பேசுகிறவர்களுக்கு இது சுலபம் என்றாள். நியாயமான பேச்சுதான். பூவிழி அடுத்த கூட்டத்துக்கு அம்சத்தை வரச்சொல்லிப் போன் செய்தாள். அம்சம் மலர்க்கொடியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து இறங்கினார்.

அம்சத்துக்கு மைக்கில் பேச வரவில்லை. இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் தங்கை கையில் கொடுத்துவிட்டார். மலர்க்கொடிக்குக் கூச்சமில்லை.

“மொறையைப் பத்தி என்னையக் கேளுங்க,” என்றாள். “மொதல்ல மாட்டுனவ நான்தான். மாட்டிவிட்டது இவங்கதான், எங்கூடப் பொறந்தவங்க.”

கூட்டம் சிரித்தது. பூக்காரப் பெண்மணியும் சிரித்தாள். அப்புறம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கத் தொடங்கினார்கள். மழை நாளுக்கு என்ன கணக்கு, உடம்புக்கு முடியாமல் வராதவர் முறை என்னாகும், பிரதோஷம் யாருக்கு விழும் என்றெல்லாம் கேட்டார்கள். மலர்க்கொடி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். தெரியாததற்கு அக்காவைப் பார்த்தாள். அன்று முடிவு எதுவும் ஆகவில்லை. ஆனால் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, பூக்காரப் பெண்மணி அம்சத்தைத் தன் கடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, அக்கா தங்கை இருவருக்கும் தலை நிறையக் கதம்பம் வைத்துவிட்டாள். வைத்துக்கொண்டே, தேரோட்டத்து வாரத்தில் வாசலைவிட்டுப் போக எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்று மெதுவாகக் கேட்டாள். அம்சம் அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினார். பட்டுக்கோட்டைக்கு அடுத்த பஸ் எப்போது என்று விசாரித்துவிட்டு வந்த பூவிழி, அவர்களைக் கலைக்காமல் தள்ளி நின்றுகொண்டாள்.